இரண்டு வீட்டுக்கும் ஒரே ரிஷி

உடைத்த தேங்காயின் தண்ணீர் வாசம், அதோடு சூடம் எரிந்த வாசம்... திருச்சுழிக் கோயில் என்றால் இன்றும் என் மூக்குக்கு முதலில் வருவது அதுதான்.

அன்று அங்கே எனக்குப் பூ வைத்து உறுதி செய்ய வந்திருந்தார்கள். நாங்கள் காரியாபட்டி. மாப்பிள்ளை வீடு எம்.ரெட்டியபட்டி, பருத்தி போடுகிற குடும்பம். குலசாமி வேறு வேறுதான் என்று முன்பே விசாரித்தாயிற்று. ஒரே குலசாமி என்றால் பங்காளி, பெண் கொடுக்க மாட்டோம். எங்கள் பக்கம் பார்ப்பது அது ஒன்றைத்தான்.

மாப்பிள்ளையை ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ரொம்பப் பிடித்துவிட்டது. வெளியே சொல்லவில்லை.

அர்ச்சனைத் தட்டைக் கொடுத்ததும் அர்ச்சகர் கோத்திரம் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தார். மூன்று பேருமாக அர்ச்சகரைப் பார்த்தார்கள். அவரே 'காசியப கோத்திரம்' என்று சொல்லி மந்திரத்தைத் தொடர்ந்துவிட்டார்.

அடுத்து மாப்பிள்ளை வீட்டுத் தட்டு. அதே முழி... அதே காசியப கோத்திரம்.

மாப்பிள்ளையின் அம்மா, என் அத்தையாகப் போகிறவர், என் தலையில் வைக்கப் பூவை எடுத்தார். அப்போதுதான் மாப்பிள்ளையின் சித்தப்பா குறுக்கே வந்தார். மதுரையில் வேலை பார்ப்பவர், நாலு விஷயம் தெரிந்தவர் என்று பேர்.

"மதினி, செத்த பொறுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ரிஷின்னா அண்ணன் தங்கச்சி முறையில்ல ஆவுது..."

பூ அத்தை கையிலேயே நின்றது. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன் என்று கத்தலாம் போல இருந்தது.

மாமா ஓடிப்போய் அர்ச்சகரைக் கூட்டி வந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷர். கோத்திரம் தெரியாதவர்களைக் காசியப ரிஷியின் பிள்ளைகளாகச் சொல்வது வழக்கமாம். சாமி முன்னால் யாரும் தகப்பன் பேரில்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காகவாம்.

"மனுஷா மட்டுமில்ல, மாடு, குருவி எல்லாத்துக்கும் அவர்தான் அப்பான்னு சொல்லுவா. அப்படி முறை பார்த்தா ஊர்ல ஒரு கல்யாணமும் நடக்காது" என்றார்.

அத்தை பூவை வைத்தார். அவர் வைத்த அவசரத்தில் ஊசி தலையில் குத்தியது. எனக்கு அதுகூட சந்தோஷமாக இருந்தது...

போன வாரம் எங்கள் மகளுக்குப் பிடித்த பையனின் அப்பா போன் செய்தார். எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் கோத்திரம் கேட்டார். அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், அர்ச்சகர் சொன்னதை மறந்து, பெருமையாகக் காசியப கோத்திரம் என்றார். ஸ்பீக்கரில் பையனின் அப்பா குரல் இறங்கிவிட்டது.

"எங்களுக்கும் அதாங்க. ஒத்து வராதே..."

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போனைப் பிடுங்கினேன்.

"அண்ணே, அது உங்க தாத்தா சொன்னதா? இல்ல, கோயில்ல அர்ச்சனைக்குச் சொன்னதா?"

பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை.

அன்று கூப்பிடு தூரத்தில் அர்ச்சகர் இருந்தார், பூ வாடுவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. இன்று மகள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. எனக்கும்தான்.

எல்லாருக்கும் அப்பாவாம் அந்த ரிஷி... இவளுக்காகவும் அந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லட்டுமே.