தறியை நிறுத்தும் சுவிட்ச்

போன செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் இருந்தவர்கள்: என் தங்கை கோமதி, கட்டிலில். அவள் வீட்டுக்காரர் மாரியப்பன், பக்கத்து அறையில் தறியில். வீடு தேடி வரும் நர்ஸம்மா, கட்டில் ஓரத்தில். நான், வாசல் பக்கம் ஸ்டூலில்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குக் கோமதியைத் தெரியும். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும்.

நர்ஸம்மா நாக்கைப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார். மறுபடியும் மூத்திரத்தில் கிருமி என்றார். தண்ணீர் குடிக்காவிட்டால் இப்படித்தான் வரும், இன்னொரு தடவை வந்தால் பெரிய ஆஸ்பத்திரிதான், அங்கே போனாலும் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். கோமதி தாகமே இல்லை என்றாள். உதடு வெடித்துக் கிடந்தது.

தாகம் இல்லாத உதடா அது?

அந்த வீட்டில் ரெண்டு விசைத்தறி. ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. முதலில் ஆன்லைனில் ஒரு காலிங் பெல் வாங்கினார்கள். டப்பாவில் ஒரு வெள்ளைக்கார அம்மா கட்டிலில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் தறி கிடையாது...

பிறகு மாப்பிள்ளை மாரியப்பன் யோசித்தார். கட்டிலில் ஒரு சுவிட்ச் வைத்தார். கோமதி அமுக்கினால் தறிக்குப் போகும் கரண்ட்டே நின்றுவிடும். சத்தம் நின்றால் அவருக்குத் தெரியாமல் போகுமா? தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. நானும் நல்ல வேலை என்றுதான் சொன்னேன்.

நர்ஸம்மா போன பிறகு கோமதியின் காதோரம் குனிந்தேன். சுவிட்ச் கைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அமுக்கினால் என்ன என்று கேட்டேன்.

"தறி நின்னுரும்லாண்ணே."

நிற்கட்டுமே என்றேன்.

"வச்ச அன்னைக்கே அமுக்கினேன். குறுக்க நூலு கொண்டு ஓடுத நாடா நடுவுல சிக்கி இழை பூரா அறுந்து போச்சு. பொழுதடையுத வரைக்கும் அவிய ஒத்தையில முடிச்சு போட்டுட்டுக் கெடந்தாவ. என்னைய ஒரு வார்த்தை வையல. வஞ்சிருந்தா நானும் வஞ்சிட்டு மறுபடி அமுக்கிருப்பேன்."

தண்ணீர் குடித்தால் மூத்திரம் வரும். வந்தால் அவர் வந்து தூக்க வேண்டும். அவர் வர வேண்டுமானால் தறி நிற்க வேண்டும். அதனால் அவள் தண்ணீரையே நிறுத்திவிட்டாள். அவரிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கை. நல்ல பிடி.

நான் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை ரெண்டு தறியையும் நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எங்கிட்ட சொல்லலியே மச்சான்" என்றார்.

வீட்டில் கிடப்பவர்களுக்கு என்று இப்போது என்னென்னவோ சாமான் வருகிறது. செய்கிறவர்கள், கூப்பிட்டால் எவ்வளவு சீக்கிரம் ஆள் வரும் என்று பார்க்கிறார்கள். நல்லதுதான். கூப்பிடுகிறவர் அதற்கு மனசுக்குள் என்ன விலை கொடுக்கிறார் என்று யார் பார்ப்பது? கட்டிய புருஷனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் போனேன். மாப்பிள்ளை பழைய வயரை உருவிவிட்டிருந்தார். தறிக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு தொங்கியது. நாடாவுக்குள் இருக்கிற நூல் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தீரும். தீர்ந்தால் தறி தானாக நிற்கும், வேறு நூல் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அப்போது பல்பு எரிந்துகொண்டிருந்தால் உள்ளே போய் வந்துவிடலாம். அறுவதற்கு ஒன்றும் இல்லை.

வயரை உருவியதைப் பார்த்து அவர் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள் கோமதி. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தாள். மாப்பிள்ளை அவள் காதோரம் குனிந்தார்.

"ஏட்டி, இங்கன பாரு. இனி நீ அமுக்குனா லைட்டுதான் எரியும். தறி பாட்டுக்கு ஓடும்."

"நெசமாவே நிக்காதா?"

"அமுக்கிப் பாரேன்."

அமுக்கினாள். பல்பு எரிந்தது. தறி ஓடியது. அவள் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். ஒரு செம்பு முழுவதையும் குடித்தாள். மாப்பிள்ளை செம்பைப் பிடித்திருந்தார்.

எனக்கு வெளியே வேலை இருந்தது. போகவில்லை. சாயங்காலம் தறி நிற்கிற வரைக்கும் ஸ்டூலில் இருந்தேன். தண்ணீருக்கு எரிந்தது. மூத்திரத்துக்கு எரிந்தது. புரட்டிப் போட எரிந்தது. கண்ணில் ஈ உட்கார்ந்ததற்கு எரிந்தது. ஒன்றும் புதிதில்லை. இத்தனை மாதமும் எல்லாம் இருந்ததுதான்.

அந்த ஒரு பகலில், பதினொரு தடவை.