வெயிலோடு மல்லுக்கு நிற்கும் வெர்னா ஆன்ட்டி

மலைப்பக்கமிருந்து காற்று திரும்பியதும் வெர்னா ஆன்ட்டி திட்ட ஆரம்பித்துவிடுவார். சைக்கிள் மிதிப்பதையும் நிறுத்தமாட்டார், வாயையும் மூடமாட்டார். "வந்துட்டியா? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு? தள்ளு, நல்லாத் தள்ளு. என் நாத்தனாரை விடவா நீ பெரிய ஆளு?" எங்கள் தீவின் வடகோடியில் இருக்கும் ஹாவி ஊருக்குப் போகும் சாலையில் வீசும் அந்தக் காற்று ஆளைச் சைக்கிளோடு தூக்கி எரிமலைப் பாறையில் கிடத்திவிடும். வெளியூர்ப் போட்டியாளர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியோடு ஒட்டிக்கொள்வார்கள். ஆன்ட்டிக்கு அதெல்லாம் ஒத்துவராது. திட்டினால்தான் கால் ஓடும் என்பார்.

அறுபதைத் தாண்டியவர். குட்டை, நல்ல தோள், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். எங்கள் ஊர் கோனாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து அடுப்பு. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் நாங்கள் எல்லாரும் நிழல் தேடிப் போவோம். ஆன்ட்டி மட்டும் தன் பழைய பிக்கப் வண்டியை மொட்டை வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உப்பில் ஊறிய பிளம் பழம் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். முகம் அவித்த நண்டு மாதிரி சிவந்திருக்கும்.

"என்ன ஆன்ட்டி, வெயிலுக்கு உங்களைப் பழக்குறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லடி ஜோலீன். வெயிலை எனக்குப் பழக்குறேன்."

எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பந்தயத்துக்காக. விடியும்போது கடலில் இறங்கி நீந்த வேண்டும். கரையேறிப் பாறைவெளியில் ஹாவி வரை சைக்கிளில் போய்த் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகும் கால் மிச்சமிருந்தால் அதே கொதிக்கும் சாலையில் ஓட வேண்டும். சூரியன் கடலைத் தொடுவதற்குள் கோட்டைத் தாண்டினால் கழுத்தில் பதக்கம். தொட்டுவிட்டால் தட்டில் தர்பூசணித் துண்டு, அவ்வளவுதான்.

ஆன்ட்டிக்கு முதல் வருடம் தர்பூசணி கிடைத்தது. "சூரியன் அவசரப்பட்டுடுச்சு" என்று சொல்லிக்கொண்டார். போன வருடம் அதுவும் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் அவருடைய கணவர் க்ளிஃபர்ட் பச்சேகோ.

க்ளிஃபர்ட் மாமா மீன் பிடிப்பவர். பெரிய உடம்பு, பெரிய வயிறு, பெண்டாட்டி பசியோடிருப்பதை மட்டும் பார்க்கப் பொறுக்காத மனசு. போட்டியாளருக்கு வெளியாள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கு ஆன்ட்டி ஓட்டத்தின் பாதியில் தள்ளாடுவதைப் பார்த்ததும் மாமா புதருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து, ஸ்பாம் என்ற டப்பா இறைச்சியை வறுத்து வைத்துக் கட்டிய முசுபி என்ற சோற்றுக் கட்டியை அவர் வாயிலேயே திணித்துவிட்டார். அதை எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் பார்த்துவிட்டார். மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்ற ஆன்ட்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கினார்கள். அதற்கப்புறம் பல நாள் மாமாவின் சாப்பாட்டுத் தட்டு கொல்லையில் நாயின் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

இந்த வருடம் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு மாமா என்னைத் தேடி வந்தார். ஓட்டப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது.

"என்னையும் தண்ணி குடுக்கிற ஆளா சேத்துக்கோம்மா. நீங்க குடுத்தா தப்பில்லல்ல?"

"தப்பில்ல மாமா. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்கணும்."

"குடுத்துட்டாப் போச்சு" என்றார். அந்தச் சுலபமான பதிலிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

பந்தயத்தன்று, தொண்டர்களுக்கான ஆரஞ்சு பனியன் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட, படகிலிருந்து மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே விளிம்பு வரை ஐஸ். "இது வெர்னாவுக்கு" என்றார்.

"அப்படின்னா வண்டியிலயே வச்சிடுங்க. எல்லாருக்கும்னா இங்க இருக்கட்டும்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு அடித்த வெயில் சாதாரண வெயில் இல்லை. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. கறுப்புப் பாறை கீழிருந்து சுட்டது, வானம் மேலிருந்து சுட்டது, நடுவில் தார் செருப்பில் ஒட்டியது. எங்களுக்கு ஐஸ் கொண்டுவர வேண்டிய லாரி வழியில் எங்கோ நின்றுவிட்டது. மேசையில் இருந்த தண்ணீர் தேநீர் போடும் பதத்துக்கு வந்துவிட்டது. ஓடி வந்தவர்கள் "ஐஸ், ஐஸ்" என்று கையை நீட்டினார்கள். மாமா பெட்டியின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நெட்டையான ஒரு பெண் வந்து, எங்கள் மேசையைப் பிடித்தபடியே மெல்ல மண்டி போட்டாள். எந்த நாடோ, பேசிய பாஷை எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் அழுகிறாள் என்று தெரிந்தது. மாமா எழுந்தார். பெட்டியைத் திறந்து இரண்டு கையாலும் ஐஸை அள்ளி அவள் தொப்பிக்குள் கொட்டித் தலையில் கவிழ்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விட்ட மூச்சு எங்களுக்கெல்லாம் கேட்டது.

அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. தொப்பியில், சட்டைக்குள், கழுத்தில், கையில் என்று வந்தவர்களுக்கெல்லாம் போட்டார். ஒவ்வொரு பிடி அள்ளும்போதும் சொந்தப் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல முகம் கோணியது. கை மட்டும் நிற்கவில்லை. நடுநடுவே சாலையின் கோடியை எட்டிப் பார்த்துக்கொண்டார். கூட்டம் குறைந்து, ஒன்றிரண்டு பேர் மட்டும் நடந்து வரும் நேரத்தில் பெட்டியின் அடியைத் துழாவினார். தண்ணீர்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி வந்தார். ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. முகத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலை எங்கே வைப்பது என்று யோசிப்பவர்போல வந்தார். மாமாவைப் பார்த்ததும் எங்கிருந்தோ தெம்பு வந்தது. கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு சாலையின் மறுபக்கத்துக்குத் தாவினார்.

"யோவ்! கிட்ட வந்தே, கொன்னுடுவேன்!"

"நான் இப்ப தொண்டர்டி! சட்டையைப் பாரு!"

"நிஜம்தான் ஆன்ட்டி, இவர் குடுக்கலாம்" என்று நானும் கத்தினேன்.

நம்பாமல், ஓரப்பார்வையோடு மேசைக்கு வந்தார். "ஐஸ் எங்கே?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "தீந்துபோச்சு."

"யாருக்குக் குடுத்தே?"

"வந்தவங்களுக்கு."

"எல்லாருக்குமா? சொந்த அண்ணனுக்கு ஒரு மீன் வாலைக் குடுக்க மூணு நாள் யோசிப்பியே, நீயா?"

"அந்தப் பொண்ணு அழுதுச்சு வெர்னா" என்றார் மாமா. அவர் குரலும் அழுவதுபோலத்தான் இருந்தது.

ஆன்ட்டி அவரையே பார்த்தார். உதடு வெடித்திருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. அப்படியே கொஞ்சம் சாய்ந்தார். மருத்துவ வண்டியைக் கூப்பிட்டால் அவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்றாவது வருடமும் போச்சு. கூப்பிடாமல் விட்டு, வழியில் விழுந்துவிட்டால்? வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தேன்.

"ஆன்ட்டி, என்னைப் பாருங்க. இன்னிக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை. நீ ஜோலீன். இவன் முட்டாள். போதுமாடி?"

போதும். வாக்கிடாக்கியைக் கீழே வைத்தேன்.

மாமா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐஸ் உருகின தண்ணி கிடக்கு. ஊத்தலாமா?"

நான் தலையசைத்து முடிப்பதற்குள் பெட்டியையே தூக்கி ஆன்ட்டியின் தலையில் கவிழ்த்துவிட்டார். ஆன்ட்டி போட்ட கூச்சலில் பாறைமேல் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடின. சில்லென்ற தண்ணீர் மட்டுமா? அந்தப் பெட்டி கழுவப்பட்டு எத்தனை காலமோ! தலைமுடியிலும் தோளிலும் மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டு பளபளத்தன.

"நாத்தம் புடிச்சவனே!" என்று கத்தினார். ஆனால் கண் தெளிந்துவிட்டது. ஆட்டைத் திட்டினார், மாமாவைத் திட்டினார், மாமாவின் படகைத் திட்டினார். திட்டிக்கொண்டே ஓட ஆரம்பித்தார்.

கடைசி ஆளும் எங்களைத் தாண்டியதும் மாமாவின் வண்டியில் முடிவுக் கோட்டுக்குப் பறந்தோம். சூரியன் கடலுக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது. மாமா தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி சூரியனையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டம் கைதட்டும் சத்தம் தெருக்கோடியிலிருந்து நெருங்கி வந்தது. முதலில் வாடை வந்தது, பிறகு ஆன்ட்டி வந்தார். அவருக்கு முன்னால் வந்துகொண்டிருந்த இருவர் மூக்கைச் சுளித்துத் திரும்பிப் பார்க்க, அந்த இடைவெளியில் அவர்களையும் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினார். சூரியன் இன்னும் ஈரமாகவில்லை.

பதக்கம் போட்ட பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போட்டாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இருவர் வந்தார்கள். "எனக்கெதுக்கு இது? தள்ளுங்கப்பா, நடக்கத் தெரியும்" என்று அவர்களை விரட்டினார் ஆன்ட்டி.

மாமா கயிற்றுக்கு வெளியிலேயே நின்றார். பக்கத்தில் நின்ற நடுவரிடம், "சார், முடிஞ்சிடுச்சுல்ல? இப்ப நான் அவளைத் தொடலாமா?" என்று கேட்டார். நடுவர் சிரித்துக்கொண்டே கயிற்றை உயர்த்தினார். மாமா குனிந்து உள்ளே போய்ப் பெண்டாட்டிக்கு இரண்டடி தள்ளித் தயங்கி நின்றார்.

வெர்னா ஆன்ட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, தூக்கிக்கொள்ளச் சொல்லும் சின்னப் பிள்ளைபோல, கையிரண்டையும் மேலே உயர்த்தினார்.