விலைச் சீட்டைத் திருப்பாத வாடிக்கையாளர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூன் மாதக் கடைசியில் ஒரு பிற்பகல், கும்பகோணத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் இது நடந்தது. நான் அங்கே புடவை வாங்கப் போகவில்லை. வேவு பார்க்கப் போயிருந்தேன்.

விஷயம் இதுதான். ப்ளஸ் டூ முடித்த என் மகள், சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் மார்க்கெட்டிங், மெர்ச்சண்டைசிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நர்சிங் என்றால் எங்கள் சர்ச்சில் யாரைக் கேட்டாலும் விவரம் சொல்வார்கள். இந்தப் படிப்பின் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு புரளவில்லை. கடையில் சாமான் அடுக்க மூன்று வருடப் படிப்பா என்றுதான் நினைத்தேன். திருவிடைமருதூர் பக்கம் எங்களுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பாதியை ஒத்திக்கு வைத்தால்தான் கட்டணம் கட்ட முடியும். ஒத்தி வைத்தால் பணத்தைத் திருப்பும்வரை நம் நிலத்தில் வேறொருவர் உழுது அறுப்பார். குவைத்தில் வண்டி ஓட்டும் என் கணவர், "நீயே நல்லா விசாரிச்சுச் சொல்லு, செஞ்சிரலாம்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். பணம் கட்ட நான்கு நாள்தான் பாக்கி.

இந்தப் படிப்பு படித்தவர்கள் கடைகளில்தானே இருப்பார்கள், நேரிலேயே பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டேன். பட்டுப் பிரிவில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சாதாரணச் சுடிதாரில், அடுக்குகளைப் பார்த்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். விற்பனைப் பெண் என்று நினைத்து, "ஏம்மா, பட்டு காட்டு" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துப் போட்டாள். கரை சின்னதாக வேண்டும், மேல் தட்டில் இருப்பது வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, இங்கே யார் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்று நடுநடுவே கொக்கி போட்டேன். நாற்பது புடவையாவது பிரிந்திருக்கும்.

ஒரு புடவையை மடித்தபடி அவள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நீங்க புடவைக்கு வரலை, இல்லீங்களா?"

"எப்படிம்மா சொல்றே?"

"ஒண்ணையும் தொட்டுப் பாக்கலை. விலைச் சீட்டையும் திருப்பலை. வாங்க வர்றவங்க கை முதல்ல அங்கதாங்க போகும்."

எனக்கு முகத்தில் அசடு வழிந்தது. மகள், படிப்பு, ஒத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் அதே படிப்புதான் படித்ததாகச் சொன்னாள். அந்தக் கடைக்கு எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்கிறவளே அவள்தானாம். இந்த இடத்திலிருந்து 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. அவரையா நாற்பது புடவை பிரிக்க வைத்தேன் என்று மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, எந்தக் கலரை நீங்க ரெண்டாந்தடவை பாத்தீங்கன்னு நானும் குறிச்சுக்கிட்டேன்" என்றார்.

எங்கள் ஊர்ப் பழக்கப்படி சம்பளம் எவ்வளவு என்று பட்டென்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. முதல் இரண்டு வருடம் சென்னையில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போக ஒன்றும் மிஞ்சவில்லை, படிப்புக் கடனை அடைக்க ஆறு வருடம் ஆனது, கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். "காலேஜுல எத்தனை பேருக்கு வேலைன்னு கேக்காதீங்க, எல்லாருக்கும்னுதான் சொல்லுவாங்க. முடிச்சு ரெண்டு வருஷம் ஆனவங்க நாலு பேர் நம்பர் கேளுங்க. குடுக்கறாங்களான்னு பாருங்க."

"அப்ப நீங்க மட்டும் எப்படி நின்னீங்க?" என்றேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். முதல் வரியில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் எழுதியிருந்தது.

"தண்ணி நேரத்துக்குத் திறந்தா குறுவை அறுத்த காசு தீபாவளிக்குக் கைக்கு வரும், பட்டு ஓடும். இந்த வருஷம் தள்ளிப்போகுது. அதனால பட்டைக் குறைச்சு, ஆயிரத்துக்குள்ள வர்ற புடவையா எடுக்கறேன்" என்றார்.

தண்ணீர் வருமா, நாற்று விடலாமா என்று தினமும் வாய்க்காலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் வீட்டில் தீபாவளி மாதம் எவ்வளவு காசு இருக்கும் என்பதை, ஏசி அறையில் உட்கார்ந்து அவர் எழுதி வைத்திருக்கிறார். இதுவா சாமான் அடுக்கும் படிப்பு? அந்த அறிவின் மேல் எனக்கு வந்த மதிப்பைச் சொல்லி முடியாது.

மறுநாள் சென்னைக் கல்லூரிக்கு போன் செய்து நான்கு நம்பர் கேட்டேன். "மேடம், எங்ககிட்ட எல்லாருக்குமே வேலைதான்" என்று மழுப்பினார்கள். திருச்சியில் பாதிக் கட்டணத்தில் அதே படிப்பு இருந்த ஒரு கல்லூரியில் கேட்டதும் மூன்று நம்பர் கொடுத்தார்கள். அந்த மூன்று பேரிடமும் மகளையே பேச வைத்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், மூன்றாவது ஆளிடம் பேசி முடித்ததும், "அம்மா, திருச்சியே சரி. ஆனா வேலைக்குப் போன முதல் ரெண்டு வருஷம் வீட்டுக்கு ஒண்ணும் அனுப்ப முடியாது, பரவாயில்லையா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். நகையை வைத்துக் கட்டினோம். நிலம் எங்களிடமே இருக்கிறது.

இப்போது அவளுக்கு மூன்றாம் வருடம். போட்ட பணம் எப்போது திரும்பும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் நாளைக்கு ஏதோ ஒரு கடையில், என்னைப் போல் ஒரு தாய் வந்து அவளுடைய வேலையைக் கெடுத்துச் சம்பளத்தைக் கேட்டால், அவளும் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு அது போதும்.