ஆடிப் பதினெட்டில் போட்ட பில்

சிறுதொழில் மானியத்துக்கு ஒரு விதி உண்டு. கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வருவதற்கு முன் இயந்திரத்தை வாங்கியிருக்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் காட்டி நான் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். நான் குள்ளன், அதனால் அதில் பெரிய பெருமையும் இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவனுக்கு உதவி தேவையில்லை என்பது அரசாங்கத்தின் தர்க்கம். வாங்குவதற்காக அவன் எதைக் கொண்டுபோய் எங்கே வைத்தான் என்பது படிவத்தில் இல்லாத கேள்வி.

தொழில் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்துவிட்டுத் தஞ்சாவூரில் ஓய்வாக இருக்கிறேன். ஓய்வு என்றால், முன்பு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் இப்போது என் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறார்கள். திட்ட அறிக்கை எழுதித் தருகிறேன். கட்டணம் வாங்குவதில்லை. அதனால் என் யோசனைக்கு மதிப்பு கூடியதா குறைந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

அந்த அம்மாள் ஆனி மாதத்தில் வந்தார். வெண்ணாற்றங்கரைப் பக்கம் கிராமம். ஐம்பது வயதிருக்கும். கணவர் மூன்று வருடம் முன்பு இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன டிராக்டரை மகன் ஓட்டுகிறான். அறுவடை இயந்திரம் போன பின் வயலில் கிடக்கும் வைக்கோலை அள்ளி, உருட்டி, கயிறு சுற்றிக் கட்டாகத் தள்ளும் இயந்திரம் ஒன்று இருக்கிறதே, டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது, அதை வாங்கி வாடகைக்கு விட வேண்டும் என்றார். மாடு வைத்திருக்கும் வெளியூர்க்காரர்கள் லாரியோடு வந்து நிற்கிறார்கள், கட்டித் தர ஆளில்லை என்றார். எனக்கு வந்த தொழில் யோசனைகளில் அபூர்வமாக அர்த்தமுள்ள ஒன்று. அறிக்கையை ஆசையாகவே எழுதினேன்.

டிராக்டர் புத்தகத்தில் கணவர் பெயரை எடுத்து அவர் பெயரை ஏற்றுவதற்குத்தான் நாளாயிற்று. அந்தக் காகிதம் வந்தபோது ஆடி இரண்டு.

"எல்லாம் ரெடிம்மா. நாளைக்கே பேங்க்ல கொடுத்துடலாம்" என்றேன்.

அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "ஆடி பொறந்துடுச்சே சார்."

"கவர்மென்டுக்கு ஆடி, ஆவணி எல்லாம் ஒண்ணுதாம்மா."

"கவர்மென்டா சார் மிஷின் ஓட்டப் போவுது?"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அவங்க சொல்றதும் சரிதானே. நம்ம வீட்டுக்கு போர்வெல் போட ஆடி முடியட்டும்னு சொன்னது யாராம்?"

சொன்னது நான்தான். என் பகுத்தறிவு அதோடு முடிந்தது. "சரி, ஆவணி முதல் முகூர்த்தத்துல கொடுத்துடலாம்" என்றேன். இரண்டு பெண்களும் திருப்தியானார்கள். அதோடு இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும்: அதுவரை மிஷின் கடைப் பக்கம் போகாதீர்கள். சொல்லவில்லை. அடுப்பில் கை வைக்காதே என்று பெரியவர்களிடம் யாராவது சொல்வார்களா? விதி தெரிந்தவனுக்கு வருகிற வியாதி இது. ஊருக்கெல்லாம் அது தெரியும் என்று நினைத்துவிடுவான்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து வந்தார். கோப்பின் நான்கு மூலையிலும் மஞ்சள். ஒரு சீப்பு வாழைப்பழம். உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்துப் படம் காட்டினார். கொட்டகையில் சிவப்பு நிறத்தில் இயந்திரம், அதற்கு மாலை, சந்தனப் பொட்டு. பக்கத்தில் கற்பூரத் தட்டோடு ஓர் இளம்பெண்.

"இது யாரோட மிஷின்?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"நம்மளதுதான் சார். பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு எடுத்தோம். ஆடியில நமக்குன்னு இருக்கறது அந்த ஒரு நாள்தானே? டீலர் கடையில அன்னிக்கு ஒரு குக்கர் வேற சும்மா குடுத்தாங்க."

"பணம்?"

"மருமக நகைய கூட்டுறவு சங்கத்துல அடகு வச்சிருக்கு. லோன் வந்ததும் மீட்டுடலாம்ல. அவளுக்கு இது தலை தீபாவளி சார். நகையோடதான் அவ அம்மா வீட்டுக்குப் போவணும்."

பில்லை வாங்கிப் பார்த்தேன். ஆடிப் பதினெட்டு, ஆங்கிலத் தேதியில் தெளிவாக இருந்தது. முதலில் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட வேண்டியதை முதலில் செய்திருந்தார். காரணம் ஒரே பஞ்சாங்கம். அந்தப் பஞ்சாங்கத்துக்குத் தலையாட்டியவன் நான்.

விதியைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, புரியாமல் பார்த்தார்.

"வாங்கிக் காட்டினாத்தானே சார் நம்புவாங்க? மிஷினே இல்லாம லோனு குடுன்னா எவன் குடுப்பான்?"

நான் சொல்லும்வரை மிஷினை ஓட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது வேறு ஓடிவிட்டால் தொழிலும் முன்கூட்டியே தொடங்கியதாகிவிடும்.

டீலருக்குப் போன் போட்டேன். அவருக்கு இது செய்தியே இல்லை.

"இதுக்கா சார் டென்ஷன் ஆவுறீங்க? இந்த பில்லை கேன்சல் பண்ணிட்டு, சாங்ஷன் ஆனப்புறம் புது பில் போட்டுடுவோம். எல்லாருக்கும் அப்படித்தான் சார் ஓடுது."

எல்லாருக்கும் அப்படித்தான் ஓடுகிறது என்பது எனக்கும் தெரியும். இரண்டு நாள் காலையில் புதாற்றங்கரையில் நடக்கும்போது அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கரை தொட்டு ஓடியது, நான் பார்க்கவில்லை. கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் நேர்மை என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. இயந்திரம் லாரியில் வந்தபோது போட்ட ரசீதில் தேதி இருக்கிறது. பில்லை மாற்றலாம், அதை மாற்ற முடியாது. அதை வைத்துத்தான் நானே பலரைப் பிடித்திருக்கிறேன். பிடிபட்டால் அந்த அம்மாளுக்கு இனி எந்த வங்கியிலும் எந்தக் கடனும் இல்லை.

மூன்றாம் நாள் அவரை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். மேலாளர் முப்பது வயதைத் தாண்டாத பெண். கோப்பை முழுவதும் படித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சரிபார்ப்புத் தாளை எடுத்து, ஏழாவது கேள்வியில் பேனாவை வைத்தார். 'இயந்திரம் முன்னரே வாங்கப்பட்டுள்ளதா? ஆம் எனில் விண்ணப்பத்தைத் திருப்புக.' நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் சாம்பலாகியிருந்தது. பணியில் இருந்தபோது வங்கிகளுக்காக அந்தத் தாளைத் தயாரித்தவன் நான். அதை அவரிடம் சொன்னேன். தேதி தள்ளிப்போனதில் என் பங்கையும் சொன்னேன்.

"நல்லாத்தான் சார் தயார் பண்ணியிருக்கீங்க" என்றார். சிரித்தாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "மானியம் கிடையாது. அதுல நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல. மானியம் இல்லாத கடன்னா ஒரு வழி இருக்கு. மூணு மாசத்துக்குள்ள வாங்கின மிஷினா இருந்து, பில்லு, ரசீது எல்லாம் ஒழுங்கா இருந்தா, வாங்கினவங்களுக்கே பணத்தைக் குடுக்கலாம். ஆனா மிஷின் வேலை செய்யுது, சம்பாதிக்குதுன்னு நான் நேர்ல பார்த்து எழுதணும். எத்தனை நாள் ஓடியிருக்கு?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "ஓடவே இல்லீங்க. சார் ஓட்டக் கூடாதுன்னுட்டாரு."

அன்று வரை ஓட்டினால் கெட்டது. அன்றிலிருந்து ஓட்டாவிட்டால் கெட்டது. மூன்று மாதம் முடிவதும் தீபாவளியும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்தன.

குறுவை அறுவடை அவர்கள் பக்கம் புரட்டாசியில்தான் சூடு பிடித்தது. வைக்கோல் காய்ந்திருந்தால்தான் இயந்திரம் அள்ளும். ஈரமாக இருந்தால் உருளையில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அந்த வருடம் புரட்டாசியில் சாயங்காலமானால் மழை. இடையில் காய்ந்த இரண்டு மூன்று வயல்களில் மட்டும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். விவசாயம் செய்யாத நான் ஒரு நாளைக்குப் பத்து முறை வானத்தைப் பார்த்தேன். கைப்பேசியில் மழை நிலவரம் சொல்லும் செயலிகள் இரண்டு இறக்கி வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லும், எது மழை இல்லை என்கிறதோ அதை நம்புவேன்.

"பேங்க் லோனு அவங்களுக்கா உங்களுக்கா?" என்று மனைவி கேட்டாள்.

மேலாளர் பார்வையிட வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாளும் மழை பெய்தது. காலையில் பஸ் பிடித்துப் போனேன். வயலில் அந்த அம்மாளும், மருமகளும், கூலிக்கு வந்த பெண்கள் சிலரும் வைக்கோலைக் கையால் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், வெயில் படட்டும் என்று. வெயில் இருப்பதாகச் சொல்ல முடியாது. மகன் டிராக்டரில் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் இருந்தான்.

வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று முணுமுணுத்தார். "காயாத வைக்கலக் கட்டுனா உள்ளாரப் பூத்துப் போயிரும். அப்புறம் மாடு என் மூஞ்சியில முழிக்குமா?"

"மாட்டுக்கு நாஞ் சொல்லிக்கிறேன். நீங்க வெயிலு மறைக்காம தள்ளி நில்லுங்க" என்றார் அந்த அம்மாள், நிமிராமல்.

மருமகள் கொஞ்சம் தள்ளி வந்து என்னிடம் கேட்டாள். "இன்னிக்கு ஓடலைன்னா என்ன சார்?"

"இன்னொரு நாள் வரச் சொல்லிக் கேட்கலாம்."

"தீபாவளிக்கு முன்னாடி வருவாங்களா?"

நான் கைப்பேசியை எடுத்து மழைச் செயலியைத் திறந்தேன்.

"நகை வரலைன்னா நான் போகல சார். கவரிங் போட்டுக்கிட்டுப் போய் நிக்க முடியாது. எங்கம்மா முதல்ல கழுத்தத்தான் பார்க்கும். அப்புறம் இவங்களைப் பத்தி ஊரே பேசும்." மாமியார் பக்கம் கண்ணைக் காட்டினாள். குற்றம் சொல்வது போல இல்லை. மறுபடியும் போய் வைக்கோலைப் புரட்டினாள்.

மேலாளர் பதினொரு மணிக்கு வந்தார். சேற்றில் செருப்பு புதைந்ததும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நிலைமையைச் சொன்னேன், காத்திருக்க முடியுமா என்று கேட்டேன்.

"காத்திருக்கேன் சார். ஆனா கட்டுதா இல்லையான்னு பார்க்கத்தான் வந்திருக்கேன். கட்டலைன்னா கட்டலைன்னுதான் எழுதுவேன்."

நான் பணியில் இருந்தபோது இதே வாக்கியத்தை இதே குரலில் சொல்லியிருக்கிறேன். கேட்பவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பன்னிரண்டரைக்கு மேகம் கொஞ்சம் விலகியது. மகன் வண்டியை எடுத்தான். இருபதடி போவதற்குள் வைக்கோல் உருளையில் சுற்றிக்கொண்டு இயந்திரம் நின்றது. இறங்கி, கையை விட்டு இழுத்து, அரிவாளால் அறுத்து எடுத்தான். மறுபடியும் நின்றது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் வயலின் மேட்டுப் பக்கம் ஓடி, ஒரு பிடி வைக்கோலை எடுத்து முறுக்கிப் பார்த்து, "இந்தப் பக்கமா வாடா" என்று கை காட்டினார். வண்டி திரும்பியது. மெதுவாக ஊர்ந்தது. நிற்கவில்லை. வரப்பு முனையில் பின்பக்கக் கதவு திறந்து ஒரு கட்டு உருண்டு விழுந்தது. கொஞ்சம் கோணலான கட்டு. பிறகு இன்னொன்று.

மேலாளர் படம் எடுத்தார். இதுவரை யாருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது அந்த அம்மாளிடம், "மேட்டுப் பக்கம் காய்ஞ்சிருக்கும்னு எப்படிங்க தெரியும்?" என்றார்.

"அது தெரியாமலா இந்த மிஷின வாங்கினேன்?"

கடன் அனுமதியானது. கேட்டதில் முக்கால் பங்கு. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பணம் கணக்கில் ஏறியது. அன்றைக்கே அந்த அம்மாள், மருமகள், நான் மூவரும் கூட்டுறவுச் சங்கத்தில் போய் உட்கார்ந்தோம். நகை மதிப்பீட்டாளர் சாப்பிடப் போயிருந்தார். தீபாவளி நேரத்துச் சாப்பாடு, ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. கவுன்ட்டரை ஒன்றரைக்கு மூடுவதா இரண்டுக்கு மூடுவதா என்று உள்ளே இரண்டு பேர் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய், வழக்கம் என்ன, விதி என்ன என்று எடுத்துச் சொன்னேன். அவர்கள் என்னை ஈயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மதிப்பீட்டாளர் வந்ததால் காரியம் நடந்தது. நான் பேசியதால் அல்ல. ஆரம், நெக்லஸ், வளையல்கள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி இறங்கின. மருமகள் எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து, மாமியாரின் பைக்குள் புடவைக்கு அடியில் வைத்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அந்த அம்மாள் கேட்டார். "அந்த மானியம் வந்திருந்தா எவ்வளவு சார் வந்திருக்கும்?"

தொகையைச் சொன்னேன். குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், சொல்லவில்லை. அவர் உதட்டசைவில் அதை ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

"ஆடியிலேயே கொடுத்திருக்கணும்மா. தள்ளிப் போடலாம்னு நீங்க சொன்னப்போ நான்தான் சரின்னேன். மிஷின் இப்ப எடுக்காதீங்கன்னும் சொல்லாம விட்டுட்டேன்."

"ஆமா சார்" என்றார்.

பேருந்து வந்தது. மருமகள் முதலில் ஏறி இடம் பிடித்தாள். அந்த அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "வர்றோம் சார். தவணை அஞ்சாம் தேதிதானே?" என்றார். ஆமாம் என்றேன். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை வரும் என்று பேருந்து கிளம்பித் திரும்பும் வரை அங்கேயே நின்றேன்.