ஆள் சேருமட்டும் வாசித்த நாவல்கள்

வாவியைக் கடக்க ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றுகிற மிதவையை எங்கள் பக்கம் பாதை என்போம். அதை ஓட்டுகிறவனுக்குப் பாதி வேலை ஓட்டுவது, மீதி வேலை ஆள் சேருமட்டும் குந்தியிருப்பது. குந்தியிருக்கிற நேரத்துக்கு வாசிகசாலையில் நாவல் எடுப்பேன். படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கதாநாயகி கிணற்றடிக்கு வந்துசேருகிற நேரம் பார்த்து அக்கரையில் "பாதை!" என்று கத்துவார்கள். இந்த வதை உங்களுக்கும் தெரிந்ததுதான். உங்கள் வீட்டில் குக்கர் விசிலடிக்கும்; எனக்கு மனிசர் விசிலடிப்பார்கள்.

போஸ்ட்மாஸ்டரின் கொப்பிகள்

சூசைதாசன் ஐயா பென்சன் எடுத்த போஸ்ட்மாஸ்டர். எழுவான்கரையில் வீடு, வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரையில் மகள். ஒருநாள் மூன்று கொப்பிகளைச் சீலைப்பையில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர் எழுதிய நாவல். நான் நல்லம் என்றால் அச்சுக்குப் போகும், இல்லையென்றால் வாவிக்குள் போகும். "படிச்ச ஆக்களிட்டக் குடுங்களன் ஐயா" என்றேன்.

"அவங்க வாசிக்காமலே நல்லம் எண்டு சொல்லுவாங்க. என்ட மனிசிட்டக் குடுத்தன், ரெண்டாம் பக்கத்துல நித்திரையாகிட்டா. இனி நீங்க ஒராள்தான் மிச்சம்."

நாற்பது பக்கம் யோசித்தவன்

கொப்பியைத் திறக்கப் பயந்து வேறொரு நாவல் எடுத்தேன். அதில் ஒருவன், பெண்ணைப் பிடித்திருக்கு என்று சொல்ல நாற்பது பக்கம் யோசிக்கிறான். மழை பெய்கிறது, யோசிக்கிறான். மழை விடுகிறது, அப்பவும் யோசிக்கிறான். எனக்கு வந்த எரிச்சலைப் பாதையிலேயே கொட்டினேன். போஸ்ட்மாஸ்டர் மூலையில் நின்று, தன் கதையைத்தான் சொல்கிறேனோ என்பதுபோல என் வாயையே பார்த்தார். தயிர்ச்சட்டிகளோடு வந்த பூரணிதான் தீர்ப்புச் சொன்னாள்.

"அந்தப் பொடியன ஒருக்கா எங்கட பக்கம் அனுப்புங்க அண்ணன். பால் உறையிறதுக்குள்ள கலியாணத்த முடிச்சு வைக்கிறம்."

கரை வந்தும் இறங்காதவர்

அடுத்தது துப்பறியும் நாவல். நல்ல நாவல். ஒருவரும் யோசிக்கவில்லை, முதல் பக்கத்திலேயே பிணம். தேத்தண்ணியில் நஞ்சு. ஓட்டிக்கொண்டே கதையைச் சொன்னேன். கொலைகாரனின் பேரைச் சொல்லப்போக, கரை வந்துவிட்டது. மற்றவர்கள் என்னை ஏசிக்கொண்டு இறங்கினார்கள். இறால் வியாபாரி மயில்வாகனம் மட்டும் பெட்டிமேல் குந்தியபடியே திரும்பவும் அக்கரைக்கு வந்தான். "ஐஸ் கரையுது, வீட்ட போ மச்சான்" என்றேன்.

"போகேலா மச்சான். கொலைகாரன் ஆரெண்டு தெரியாமப் போனா, மனிசி தாற தேத்தண்ணிய எப்பிடி நம்பிக் குடிக்கிற?"

நிலாவில் பாட்டு

மூன்றாவது, பட்டணத்தில் இருந்து யாரோ வாவியைப் பற்றி எழுதியது. தோணிக்காரன் நிலாவைப் பார்த்துப் பாடுகிறான், மீனெல்லாம் மேலே வந்து கேட்கிறது. எங்கள் இஞ்சின் சத்தத்தில் நான் தும்மினால் எனக்கே கேட்காது. கயிறு பிடிக்கிற நல்லதம்பி, "பாட்டுப் படிக்கிறவனுக்குக் கரையில கயிறு கட்ட நானா போற?" என்று கேட்க, பாதை முழுக்கச் சிரிப்பு. போஸ்ட்மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல என் பக்கத்தில் வந்து காதுக்குள் சொன்னார்.

"என்ட கதையிலயும் ஒருத்தன் பாடுறான். ஒள்ளுப்பம்தான், ரெண்டே வரி. வெட்டி விட்டுரவா?"

ஞானஸ்நானம்

அவர் முகத்தைப் பார்த்த மறுகா, பயந்தது போதும் என்று கொப்பியைத் திறந்தேன். படுவான்கரையில் பாதை நிற்கிறது, ஆளில்லை. கதையில் ஒரு தபால்காரன், மழையில் நனைந்த கடிதத்தைக் காயவைக்கப் பிரிக்கிறான். பிரித்தவன் வாசித்தும் விடுகிறான். அது அவனுடைய மாமியார், அவனைப் பற்றி அவளுடைய தங்கச்சிக்கு எழுதியது! பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலை நிமிர்ந்தபோது எழுவான்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் கையைக் காலை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள், மோட்டார் சைக்கிள் ஹோன் அலறுகிறது, நல்லதம்பி தேத்தண்ணிக் கடையில் இருந்து ஓடிவருகிறான்.

போய்ச்சேர்ந்தால், முன்னுக்கு நின்று ஏசுவது போஸ்ட்மாஸ்டர். புதுச் சேட்டு, வியர்த்துத் தெப்பம். "அரை மணித்தியாலமாத் தொண்டை கிழியக் கத்துறம்! மகள்ர புள்ளைக்கு ஞானஸ்நானம், பாதர் காத்துக்கொண்டு நிக்கிறார். உனக்குக் காது அடைச்சுப் போச்சா?" நான் கொப்பியைத் தூக்கிக் காட்டினேன். திறந்த வாய் மூடவில்லை அவருக்கு. "எதுல நிக்கிறீங்க?" என்றார், குரல் இறங்கி. "மாமியார்ர கடிதத்துல ஐயா. விட மனமில்ல." அவர் மற்றப் பக்கம் கிறுகி, ஏற வந்த சனத்துக்கு முன்னால் குடையைக் குறுக்கே நீட்டினார்.

"ஒருதரும் ஏறாதீங்க! அவர் அந்த அதிகாரத்த முடிக்கட்டும். பாதருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

முப்பது வருடம் பாதை ஓட்டியதில், வாசிக்கிற என்னைக் குழப்பாமல் விட்ட ஒரேயொரு மனிசன், எழுதினவன்தான்.