ஹெட்போனுக்குள் ஒருத்தி

என் வீட்டுக்காரர் எட்மண்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கு முதலில் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தார். பிள்ளைகளுக்கு மயில் வரையச் சொல்லிக் கொடுத்த மனுஷன், திடீரென்று வேலையை விட்டுவிட்டு வந்து, "இனிமே சத்தத்தாலதான் படம் வரையப் போறேன் கிறிஸ்டி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் கேட்டால்தானே? ரயில் வரும்போது பிளாட்பாரத் தூணில் மைக்கை ஒட்டி போலீஸிடம் மாட்டினார். பள்ளிக்கரணை சேற்றில் மைக்கை இறக்கித் தவளைச் சத்தம் பிடித்து வந்தார். எல்லாவற்றையும் எனக்குப் போட்டுக் காட்டுவார். நானும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "நல்லாதாங்க இருக்கு" என்பேன்.

பிறகு போட்டுக் காட்டுவதை நிறுத்திவிட்டார். நான் அறைக்குள் போனால் லேப்டாப்பை மூடுவார். ஒருநாள் அவர் கடைக்குப் போன சமயம் ஹெட்போனை எடுத்து மாட்டினேன். தண்ணீர் கொட்டும் சத்தத்துக்குள்ளே ஒரு பெண் மூச்சுமுட்ட அழுதுகொண்டிருந்தாள்.

சர்ச்சில் என்னோடு பாடுகிற பிளஸ்ஸியிடம் சொன்னேன். "அவர்கிட்ட வந்து அழற அளவுக்கு ஒருத்தி பழகியிருக்கா. இது சும்மாவாக்கா? ஃபோன செக் பண்ணுங்க" என்றாள். ஃபோனில் ஒன்றுமே இல்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது. சட்டையைக்கூட முகர்ந்து பார்த்தேன். சேற்று நாற்றம்தான் அடித்தது.

சேலையூரில் ஒரு ஹாலில் கண்காட்சி வைத்தார். "நீ வரணும்னு கட்டாயம் இல்ல" என்றார். அப்படியா சேதி! இருப்பதிலேயே நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் கண்டிப்பாக வருவாள், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும்.

வெள்ளைச் சுவர், ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். அவ்வளவுதான் கண்காட்சி. வரிசையில் நின்ற பெண்களை எல்லாம் முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

அதே அழுகை. நடுவே தெருவிலிருந்து ஒரு குரல்: "கிறிஸ்டிம்மா! சங்கரா கீது, வாங்கிக்கிறியா?"

எங்கள் தெரு மீன்காரி ஞானம்மாள்! அடப்பாவி, அந்த அழுகிறவளை என் வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறானா? உடம்பெல்லாம் எரிந்தது. அழுகை சட்டென்று நின்றது. அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தினாள்: "இன்னிக்கு வேணாம் ஞானம், நாளைக்கு வா!"

அது நான். என் குரல் வெளியே இப்படித்தான் கேட்கும் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது குழந்தையும் வயிற்றில் தங்காமல் போன பிறகு, இவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

நிமிர்ந்தேன். எட்மண்ட் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கதவுக்கு வெளிய மைக் வச்சேன். நீ அழும்போது எனக்கு வேற என்ன செய்றதுன்னே தெரியல கிறிஸ்டி" என்றார்.

"கதவத் தட்டியிருக்கலாம்லங்க?"

அடுத்து நின்ற பெண் ஹெட்போனுக்குக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.