இரண்டாம் சுற்றில் நான் கேட்ட இடம்

டாக்டருக்குப் படிப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு இப்போது எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். நசரத்பேட்டையில் எங்கள் தெருவில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் என்பதால் வருகிறார்கள். எந்தப் புத்தகம், எந்த கோச்சிங், காலையில் எழுந்து படிப்பதா ராத்திரி கண்விழிப்பதா என்று விசாரிப்பார்கள். தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். படிக்க எனக்குத் தெரியும். கேட்கத்தான் தெரியவில்லை. அதைப் பற்றி யாரும் என்னிடம் விசாரிப்பதில்லை.

அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அம்மா காட்டுப்பாக்கம் அடுக்குமாடிகளில் சமையல் வேலை. எம்.பி.பி.எஸ். முடித்தால் போர்டு மாட்டிவிடலாம் என்றுதான் மூன்று பேரும் நினைத்திருந்தோம். காலேஜுக்குள் போன பிறகுதான் அது வெறும் வாசல்படி என்று தெரிந்தது. அதற்கு மேல் பி.ஜி. என்று ஒரு மேற்படிப்பு இருக்கிறது. அதில் எந்தப் பிரிவு கிடைக்கிறதோ, கடைசிவரை நீ அந்த டாக்டர்தான்.

எனக்கு ஜெனரல் மெடிசின் வேண்டும் என்று வார்டில் பயிற்சி பார்க்கிற ஹவுஸ் சர்ஜன் வருஷத்திலேயே முடிவாகிவிட்டது. கட்டில் ஓரத்தில் நின்று பேச்சுக் கொடுத்து, எப்போது மூச்சு வாங்குகிறது, எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோயைப் பிடிக்கிற வேலை அது. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் இதுவாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்து வைத்திருப்பது பல நாள் சரியாக வரும். அந்த நாட்களில் சாப்பாடு கூட ருசியாக இருக்கும்.

அதே வார்டில் என்னோடு இருந்தவன் ஆவடிக்காரன். பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அவனுடைய அக்காவும் டாக்டர். அவனுக்கும் மெடிசின் ஆசை. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படித்தோம். முடிவு வந்தபோது அவனைவிட என் ரேங்க் மேலே இருந்தது.

"மச்சான், ட்ரீட் வைக்காம தப்பிச்சிடலாம்னு பாக்காத" என்றான். பாடி மேம்பாலத்துக்குக் கீழே நின்று பிரியாணி சாப்பிட்டோம்.

அடுத்து கவுன்சிலிங். எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு என்று விருப்பங்களை வரிசையாகக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். முதல் சுற்றில் சென்னையில் இருக்கிற மெடிசின் இடங்களை மட்டும் போட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆவடிக்காரனுக்கும் கிடைக்கவில்லை. அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அப்பா வேலை முடிந்து வந்து, "இன்னா நைனா, கிட்ச்சிதா?" என்றார்.

"இல்லப்பா. இன்னொரு தபா கேக்கலாம்."

"இந்தத் தபா குடுக்கறத வாங்கிகினு வந்துடு. இல்லாததுக்குப் போயி மல்லுக்கு நிக்காத."

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கியூதான். ரேஷன் கடையில் பாமாயில் வரும் என்று நம்பி ஒரு வரிசையில் நின்றால், அது இல்லை என்று ஆகும்போது பக்கத்து வரிசையில் அரிசியும் தீர்ந்திருக்கும். ஜாதிச் சான்றிதழுக்குத் தப்பான கவுன்டரில் நின்று, சரியான கவுன்டருக்கு வருவதற்குள் சாப்பாட்டு நேரம் என்று மூடிவிடுவார்கள். ஆசைப்பட்ட இடத்தில் போய் நின்றால் உறுதியான இடமும் போகும். வாழ்க்கை முழுக்க அப்படித்தான் நடந்திருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் வேறு மாதிரி நடக்கும் என்று எனக்கு ஏன் தோன்றப் போகிறது?

போன வருஷம் எங்கள் காலேஜில் பேத்தாலஜி எந்த ரேங்க் வரைக்கும் போனது என்று பார்த்தேன். என் ரேங்குக்கு நிச்சயம் கிடைக்கும். ரத்தத்தையும் சதைத் துணுக்கையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற பிரிவு. நோயாளியின் முகத்தைப் பார்க்கிற வேலையே இல்லை. அதை முதலில் போட்டேன். மெடிசினை அதற்குக் கீழே போட்டேன். போட்டுவிட்டு, இந்தத் தடவையாவது புத்தியோடு நடந்துகொண்டோம் என்று நிம்மதியாக இருந்தேன்.

முடிவு வந்த அன்று ஆவடிக்காரன்தான் போன் செய்தான்.

"மாமே! மெடிசின்டா! நம்ம காலேஜ்லயே! மொத ரவுண்டுல யாரோ விட்டுட்டுப் போன ஒரே சீட்டு, அதுவும் எனக்கு. எனக்கு மேல ரேங்க்காச்சே, நீ எங்க போயிட்ட? டெல்லியா?"

"பேத்தாலஜி."

"சும்மா கலாய்க்காத."

"பேத்தாலஜிதான்டா. அததான் ஃபர்ஸ்ட் போட்டேன்."

"ஏன்டா?"

கியூ கணக்கைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் சின்னதாகிக்கொண்டு வந்தது.

"டேய், மேல ஒண்ணக் கேட்டா கீழ இருக்கறது எங்கயும் ஓடிப்போவாதுடா. உன் ரேங்க் வர்றப்ப உன் லிஸ்ட்ட மேலேர்ந்து பாப்பாங்க. அது இல்லயா, அடுத்தது. நீ நூறு மெடிசின் போட்டுட்டுக் கடைசில பேத்தாலஜி போட்டிருந்தாலும் உனக்கு பேத்தாலஜி வந்திருக்கும்டா."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இதெல்லாம் சொல்லணுமாடா?"

அவன் நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. அவன் வீட்டில் அக்கா கவுன்சிலிங் போனபோதே இது சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிப் பேசி முடிந்த சங்கதி. பேராசிரியர்கள், சீனியர்கள், கோச்சிங்கில் மைக் பிடித்துப் பேசியவர்கள், எல்லோரும் தேர்வில் எப்படி ஜெயிப்பது என்று தொண்டை கிழியச் சொன்னார்கள். ஜெயித்த பிறகு வாய் திறந்து கேட்க வேண்டும் என்பதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத ஆட்களுக்காக நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன்.

நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் அந்த ஒரே சீட் எனக்கு. அவன் திருடவில்லை. நான் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் கிடைத்ததை வேண்டாம் என்றால் கவுன்சிலிங்குக்குக் கட்டிய முன்பணம் திரும்பாது. அதைக்கூட விட்டிருப்பேன். வேலைக்கும் போகாமல் இன்னொரு வருஷம் வீட்டில் புத்தகத்தோடு உட்காரும் தைரியம்தான் இல்லை. சேர்ந்தேன். "ஓ, ரத்தம் டெஸ்ட் பண்றவரா?" என்று தெருவில் ஒருவர் கேட்டார். அப்பா அவரிடம், "டாக்டர்ங்க மட்டும் பண்ற டெஸ்ட்டு" என்று பெருமையாகச் சொன்னார்.

போன மாதம் அப்பாவுக்கு லோடு தூக்கும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்து, மெடிசின் ஓ.பி.யில் ஆவடிக்காரனிடம் உட்கார வைத்தேன். படிக்கிற காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவன். அப்பா அவனை "டேய் ஆவடி" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு மேசைக்கு எதிரில் உட்கார்ந்ததும், "சார்" என்றார்.

"அப்பா, என்னைப் போயி சார்ங்கறீங்க?"

"இல்ல சார், வேல நேரத்துல..."

அவன் ஸ்டெத்தை வைத்தான். படி ஏறினால் வாங்குகிறதா, எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள் என்று கேட்டான். எனக்கு அடுத்த கேள்வி தெரியும். அதற்கு அடுத்ததும் தெரியும். நான் அப்பாவின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தேன்.

வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டே அப்பா கேட்டார், "ஏன் நைனா, உன்னாண்ட காமிச்சிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப?"

"அவங்கிட்ட போயிக் காமின்னு சொல்லியிருப்பேன்."